ஜூன் மருந்தடிப்பை விடுங்கள், மார்ச்சில் பைன் ஊசியைப் பாருங்கள்

ரொறன்ரோப் பெரும்பாகத்துக் குடியிருப்பு நிர்வாகக் குழுக்களுக்கும், அவர்களுக்குத் தோட்டம் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் வளாகங்களில் வாசலோரமும் வாகனத் தரிப்பிட ஓரமும் நட்டிருக்கும் மூகோ பைன் பற்றைகளையும், வேலியோரம் வரிசையாக நிற்கும் ஸ்கொட்ஸ் பைன் மரங்களையும் பற்றியது இந்த மடல். ஜூன் நடுவில் ஒரு குடியிருப்பாளர் "பைன் பட்டுப்போகிறது" என்று முறைப்பாடு அனுப்புவார். நிர்வாகக் குழு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும். அவர் வந்து மருந்தடிப்பார். அல்லது பற்றையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நட வேண்டும் என்பார். இரண்டுமே பெரும்பாலும் வேண்டாத செலவு. அந்த நேரத்தில், பைனின் ஊசியிலைகளைத் தின்னும் ரம்ப ஈயின் புழு தின்ன வேண்டியதைத் தின்று முடித்து நிலத்துக்கு இறங்கியிருக்கும், அல்லது இறங்கும் தறுவாயில் இருக்கும். பற்றையோ பார்வைக்கு மொட்டையாக இருந்தாலும் உயிரோடுதான் நிற்கும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஜூன் மருந்தடிப்பை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பார்வையிடல்களை எழுதுங்கள். ஒன்று நவம்பர் தொடக்கம் மார்ச் முடிவுக்குள் முட்டை தேடுவதற்கு. மற்றது ஏப்ரல் கடைசிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில், முட்டை பொரிக்கும் வாரத்தில். ஏன் இந்த இரண்டு நேரங்கள், அப்போது என்ன செய்வது, எங்கே பிழை நேரும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

பைனைத் தின்பது ஐரோப்பியப் பைன் ரம்ப ஈ. நேர்சரிக்காரர்கள் 'பைன் சோஃப்ளை' என்பார்கள், விஞ்ஞானப் பெயர் நியோடிப்ரியன் செர்டிஃபெர். பெயரில் ஈ இருந்தாலும் இது குளவி, தேனீ, எறும்பு ஆகியவற்றின் சாதி. கொடுக்கு இல்லை, கொட்டாது. பெண்ணின் வயிற்று நுனியில் வாள்பல் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் பைன் ஊசியின் விளிம்பைக் கீறி, கீறலுக்குள் முட்டையை வைக்கும். வட அமெரிக்காவில் முதலில் கண்டது 1925இல், நியூ ஜேர்சியில். ஒன்ராறியோவில் 1939இல், வின்சர் பக்கத்தில். அன்று தொடக்கம் தென் ஒன்ராறியோவின் அலங்காரப் பைன்களிலும் கிறிஸ்மஸ் மரத் தோட்டங்களிலும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதிகம் விரும்புவது மூகோ, ஸ்கொட்ஸ், செம்பைன், ஜாக் பைன், ஜப்பானியச் செம்பைன். வெண்பைனையும் ஒஸ்ரியன் பைனையும் பொதுவாக விட்டுவிடும். விருப்பமான மரத்துக்குப் பக்கத்தில் நின்றால் அவையும் தப்பாது.

வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். இந்தப் பூச்சியைச் சமாளிப்பது சுலபமாக இருப்பதற்கு அதுவே காரணம், நாட்காட்டியைச் சரியாகப் பிடித்தால். செப்டெம்பர், ஒக்டோபரில் வளர்ந்த ஈக்கள் வெளிவரும். பெண் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, செங்கபில நிறம். ஆண் அதைவிடச் சிறியது, கறுப்பு, உணர்கொம்பு இறகு மாதிரி விரிந்திருக்கும். பெண் அந்த வருடத்து ஊசிகளில்தான் முட்டையிடும். ஓர் ஊசியில் ஆறு தொடக்கம் எட்டு முட்டை, அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு ஊசி. அதாவது ஒரு கிளை நுனியில் அறுபது முதல் நூறு வரை. குளிர்காலம் முழுவதும் முட்டை ஊசிக்குள்ளேயே இருக்கும். கடும் குளிர் அழித்துவிடும் என்று எண்ண வேண்டாம். பின்லாந்து, நோர்வே ஆய்வுகளின்படி முட்டைகள் பெருமளவில் சாக −36 பாகை செல்சியஸ் வரை இறங்க வேண்டும். ரொறன்ரோவுக்கு அந்தக் குளிர் வருவதில்லை.

இனி முதலாவது பார்வையிடல். நல்ல உறைபனி சில தடவை விழுந்த பிறகு போங்கள். அதற்கு முன் முட்டையிட்ட இடம் ஊசியின் பச்சையோடு பச்சையாக மறைந்திருக்கும். குளிர் பட்டபின் மஞ்சளாகவோ இளங்கபிலமாகவோ மாறித் தெரியும். கிளையின் நுனியில், கடைசி வருட வளர்ச்சியில், ஊசியைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசியின் ஓரமாக ஒரே வரியில், கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில், சற்றே புடைத்த நீளப் புள்ளிகள் இருந்தால் அது முட்டை. ஒழுங்கில்லாமல் சிதறிய புள்ளி என்றால் பூஞ்சணமோ உப்புத் தெறிப்போ. ஊசியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் செதில் என்றால் பைன் ஊசிச் செதிற்பூச்சி. அது வேறு வேலை. விரல் நுனியால் வருடினால் முட்டை வரிசை தட்டுப்படும். செதில் நகத்தால் சுரண்டினால் கழன்று வரும், முட்டை வராது, அது ஊசிக்குள்தான் இருக்கிறது.

கண்டால் அந்த ஊசிகளை மட்டும் அடியோடு பிடுங்கி ஒரு பைக்குள் போடுங்கள். கிளை நுனியை வெட்ட வேண்டாம். நுனியில்தான் அடுத்த வருட மொட்டு இருக்கிறது. பன்னிரண்டு ஊசிக்காக அதை இழப்பது நட்டம். பிடுங்கிய ஊசியைப் பற்றையின் கீழேயே போடவும் வேண்டாம். இடுப்பளவு உயரமான மூகோ ஒன்றை ஒருவர் சில நிமிடங்களில் சுற்றிப் பார்த்துவிடலாம். இலையுதிர் மரங்களைக் கத்தரிக்க எப்படியும் மார்ச்சில் ஆள் வருவார், அந்த நாளிலேயே இதையும் முடிக்கலாம். உயரமான ஸ்கொட்ஸ் பைனில் ஏணி வைத்துத் தேட வேண்டியதில்லை. எட்டும் கிளைகளை மட்டும் பாருங்கள். அங்கே முட்டை இருந்தால் மேலேயும் இருக்கிறது என்று கொண்டு, வசந்தத்தில் வரவேண்டிய மரம் என அடையாளம் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது பார்வையிடலின் நாளைத் திகதி பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு வருடம் ஏப்ரல் 25இல் பொரித்தது அடுத்த வருடம் மே 12 வரை இழுக்கலாம். வெப்பக் கணக்குத்தான் நம்பத்தக்கது. அன்றைய அதி கூடிய வெப்பநிலையையும் அதி குறைந்ததையும் கூட்டி இரண்டால் பிரியுங்கள். அதிலிருந்து 10ஐக் கழியுங்கள். மீதி அன்றைய பாகை-நாள். கூடியது 17, குறைந்தது 7 என்றால் சராசரி 12, பாகை-நாள் 2. கூடியது 14, குறைந்தது 2 என்றால் சராசரி 8. பத்துக்குக் கீழ் போனதால் அன்றைக்குப் பூச்சியம், கழித்தல் கணக்கில் எடுக்கக் கூடாது. மார்ச் 1இலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், ஏறத்தாழ 43க்கும் 122க்கும் இடையில் புழுக்கள் இளசாக, கைக்கு அடங்கும் பருவத்தில் இருக்கும். அமெரிக்க வழிகாட்டிகளில் இதே எல்லை 78 தொடக்கம் 220 என்று இருக்கும். அது பரனைட் கணக்கு. இரண்டையும் குழப்பியதால் மூன்று வாரம் பிந்திப் போகிறவர்கள் உண்டு. கணக்குப் போட நேரமில்லை என்றால், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய பூப் பூக்கும் மக்னோலியா உங்கள் தெருவில் பூக்கும் வாரத்தில் போய்ப் பாருங்கள். அது பொதுவாகச் சரியாக வரும்.

அந்த வாரத்தில் புழுவைத் தேடாதீர்கள், ஊசியைத் தேடுங்கள். பொரித்த புழு சில மில்லிமீற்றர்தான்; ஊசியை முழுதாகக் கடிக்கப் பலம் போதாது. ஊசியின் இரு பக்கச் சதையையும் அரித்துவிட்டு நடு நரம்பை விட்டுவிடும். அந்த நரம்பு காய்ந்து, வைக்கோல் நிறத்தில் சுருண்டு தொங்கும். பச்சைப் பற்றையில் ஒரேயொரு நுனியில் கைப்பிடியளவு வைக்கோல் சுருள் தெரிந்தால், அதற்குச் சற்றுக் கீழே, இன்னும் பச்சையாக உள்ள ஊசிகளில் கூட்டம் இருக்கும். வேலைக்கு மிகச் சரியான நேரம் அதுதான். வளர்ந்த புழு ஊசியை அடி உறை வரை தின்றுவிடும், வைக்கோல் மிஞ்சாது. மொத்தத் தீனியில் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில்தான் உள்ளே போகிறது. அதனால்தான் மே முழுவதும் ஒன்றும் தெரியாமல் இருந்து, ஜூனில் "ஒரே இரவில் தின்றுவிட்டது" என்று முறைப்பாடு வருகிறது. ஒரே இரவில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாறு வாரம் நடந்ததன் கடைசி வாரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

வளர்ந்த புழு இரண்டரைச் சென்ரிமீற்றர் வரை வரும். தலை பளபளக்கும் கறுப்பு, உடல் சாம்பல் கலந்த பச்சை. முதுகு நடுவில் வெளிறிய ஒரு கோடு, இரு பக்கத்திலும் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கரும்பச்சைப் பட்டை. கூட்டமாகவே இருக்கும். விரலை அருகே கொண்டு போனால் எல்லாம் ஒரே நேரத்தில் தலையையும் வாலையும் வெடுக்கென்று தூக்கி, வளைந்து நிற்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துளி பசை துளிர்க்கும். அது பைன் மரத்தின் குங்கிலியம்தான். தின்னும்போது பிரித்து, முன்குடலின் பைகளில் சேமித்து வைத்து, எறும்பும் சிலந்தியும் வந்தால் அவற்றின் மேல் பூசுகிறது. பூச்சியியலாளர் தொமஸ் ஐஸ்னரும் கூட்டாளிகளும் 1974இல் இதே இனத்தை வைத்துத்தான் அதைக் காட்டினார்கள். மனிதருக்கு அந்தத் துளியால் ஆபத்தில்லை, கையில் ஒட்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் பற்றை நிற்கிறது என்று பயந்து அவசர மருந்தடிப்புக்கு உத்தரவு போடும் குழுக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தப் புழு கடிக்காது, இதன் உடம்பில் சொறியவைக்கும் மயிரும் இல்லை.

இங்கேதான் அதிகம் பிழை நேரும் இடம். இது பார்வைக்குப் புழு. ஆனால் அந்துப்பூச்சிப் புழு அல்ல. மே மாதத்தில் ஒன்ராறியோ நகராட்சிகள் பல, ஓக் மரங்களைத் தின்னும் ஸ்பொன்ஜி அந்துக்காக பி.டி.கே. எனும் பற்றீரியா மருந்தை அடிப்பது உங்களுக்குத் தெரியும். அதே மருந்தை ஒப்பந்தக்காரர்கள் பைனுக்கும் அடிக்கிறார்கள். "இயற்கை மருந்து, பாதுகாப்பானது" என்று சீட்டில் எழுதியும் தருகிறார்கள். பாதுகாப்பானதுதான், ரம்ப ஈக்கும் சேர்த்து. அந்தப் பற்றீரியாவின் நச்சு அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் குடலில் மட்டுமே வேலை செய்யும். குளவிச் சாதிப் புழுவுக்கு அது வெறும் தண்ணீர். அடித்து இரண்டு வாரத்தில் புழு காணாமல் போகும், எல்லோரும் மருந்து வேலை செய்தது என்று நம்புவார்கள். புழு கூடு கட்ட இறங்கிப் போனதுதான் நடந்தது.

பிரித்தறிவது கடினமில்லை. ஒரு புழுவை எடுத்து வெள்ளைக் கடதாசியில் விட்டு, பக்கவாட்டில் கால்களை எண்ணுங்கள். முன்னால் மூன்று சோடி உண்மைக் கால். பின்னால் சதைப்பிடிப்பான பொய்க்கால்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பொய்க்கால் ஐந்து சோடிக்கு மேல் இராது. பைன் ரம்ப ஈப் புழுவுக்கு எட்டுச் சோடி. உருப்பெருக்கி இருந்தால் தலையைப் பாருங்கள்: பக்கத்துக்கு ஒரேயொரு கண் இருக்கும், அந்துப் புழுவுக்குச் சிறு கண்கள் பல கூட்டமாக இருக்கும். ஸ்பொன்ஜி அந்தின் மயிர்க்கொட்டி என்றால் முதுகில் ஐந்து சோடி நீலப் புள்ளியும் அதன்பின் ஆறு சோடி சிவப்புப் புள்ளியும் இருக்கும், எண்ணவே வேண்டாம். அதற்கு பி.டி.கே. சரியான மருந்து. எந்தப் புழு என்று எழுதாத எந்த மருந்தடிப்புச் சீட்டையும் குழு ஏற்க வேண்டியதில்லை.

சரி, மே முதல் வாரத்தில் கூட்டத்தைக் கண்டாயிற்று. என்ன செய்வது? பற்றைக்குக் கையே போதும். ஒரு வாளியில் நாலு லீற்றர் தண்ணீர், அதில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். வாளியைக் கிளைக்கு நேர் கீழே பிடித்த பிறகுதான் கிளையைத் தொட வேண்டும். தொட்டதும் அவை உடலை உதறத் தொடங்கும், சில விழும். கையுறை போட்ட கையால் கூட்டத்தை வாளிக்குள் வழித்து விடுங்கள். சவர்க்காரம் இல்லாத தண்ணீரில் புழு மிதக்கும், விளிம்பேறி வந்துவிடும். வாளியை ஒரு மணித்தியாலமாவது அப்படியே வையுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை பாருங்கள், ஏனென்றால் ஒரே பற்றையில் நிழற்பக்கத்து முட்டை வெயிற்பக்கத்து முட்டையைவிடச் சில நாள் பிந்திப் பொரிக்கும். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்ப்பதால்தான்.

தண்ணீர்க் குழாயால் பலமாகப் பீச்சியடிப்பதும் இளம் புழுவுக்குச் சரிவரும். விழுந்ததில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டிய புழு திரும்பி ஏறும், அப்போது அந்த வழி வேண்டாம்.

வேலியோரத்து மரங்களில் கூட்டம் பல இருந்து கைக்கு எட்டாவிட்டால் பூச்சிகொல்லிச் சவர்க்காரமோ தோட்ட எண்ணெயோ போதும். சவர்க்காரம் 2 வீதம், அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். எண்ணெய் கோடை அளவான 1 வீதம், லீற்றருக்கு 10 மில்லிலீற்றர். போத்தலின் லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிளே சட்டம். இரண்டும் புழுவின் மேல் பட்டால்தான் கொல்லும். காய்ந்த பின் ஊசியில் மிச்சம் எதுவும் நிற்காது, ஆகவே "முன்கூட்டியே அடித்து வைப்பது" என்ற பேச்சுக்கு இடமில்லை. கூட்டம் நனைந்து சொட்டும் வரை அடியுங்கள். கூட்டம் இல்லாத கிளைக்கு ஒரு துளியும் வேண்டாம். முப்பது பாகையைத் தாண்டும் வெயிலில் அடித்தால் இளங்குருத்து கருகும். காலையில் அடியுங்கள். பக்கத்தில் நீலத் தளிர் ஸ்புரூஸ் நின்றால் எண்ணெய் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நீலப் பூச்சு கழுவுப்பட்டு அந்த ஊசிகள் வெறும் பச்சையாகிவிடும், அடுத்த வருடக் குருத்து வரும்வரை நிறம் திரும்பாது. சமையலறைச் சவர்க்காரத்தை மரத்தில் அடிக்க வேண்டாம், அது வாளிக்கு மட்டும். வேப்பெண்ணெய் விடயத்தில் நம்மவர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. லேபிளில் கனடாவின் பூச்சிகொல்லிப் பதிவு எண் இல்லாத எந்த எண்ணெயையும், வேம்பானாலும், அடுத்தவர் வளாகத்தில் அடிப்பது சட்டப்படி பிழை.

சட்டம் என்றதும் இன்னொன்று. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 தொடக்கம் அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதற்குத் தடை உண்டு. பழைய வழிகாட்டிகள் பைன் ரம்ப ஈக்குச் சொல்லும் கார்பரில் போன்ற பூச்சிகொல்லிகள் உங்கள் வளாகத்துக்கு ஆகாது. கூலிக்கு மருந்தடிப்பவருக்கு மாகாண உரிமம் வேண்டும், உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தடை இல்லாவிட்டாலும் பல வகைப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் மருந்துகளைப் பைனில் அடிப்பதை நாங்கள் எதிர்ப்போம்: செதிற்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் சிறு குளவிகளும் அதோடு சாகும், ஒரு வருடம் கழித்து அதே பற்றை வெள்ளைச் செதிலால் மூடிக் கிடக்கும். மண்ணில் ஊற்றி வேர் வழியாக ஏற்றும் மருந்தைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். பைனில் அது ஊசி வரை போய்ச் சேரப் பல வாரம் பிடிக்கும். புழுவைக் கண்டபின் ஊற்றினால், மருந்து மேலே ஏறும்போது புழு கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

எல்லாக் கூட்டத்தையும் அழிக்கவும் தேவையில்லை. மூகோ பற்றையில் மூன்று நாலு கூட்டம் போதும், அந்த வருடத்து அழகு போய்விடும், அங்கே கைவையுங்கள். பதினைந்து மீற்றர் ஸ்கொட்ஸ் பைனில் பத்துக் கூட்டம் இருந்தாலும் மரத்துக்கு அது பெரிதல்ல. நோய் பிடித்த கூட்டம் கண்டால் தொடவே வேண்டாம். புழுக்கள் மந்தமாகி, வெளிறி, பின்னங்காலால் ஊசியைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி, கறுத்து, தொட்டால் நீராகக் கசியும். அது இந்த ஒரு பூச்சியை மட்டும் தாக்கும் வைரசு. 1949இல் சுவீடனிலிருந்து கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒன்ராறியோவின் பைன் தோட்டங்களில் தெளித்துப் பரப்பப்பட்டது. நோயுற்ற புழுக்களை அரைத்துத் தண்ணீரில் கலந்து அடித்தே ஒரு தோட்டம் முழுவதும் பரப்பலாம் என்று அப்போதே கண்டார்கள். சில்லறைக் கடையில் வாங்கக்கூடிய பொருள் அல்ல. உங்கள் மரத்தில் இலவசமாக வந்திருந்தால் சவர்க்காரத்தால் கழுவிவிடாதீர்கள், கூட்டமாக வாழும் பூச்சியில் அது தானாகவே ஓடும்.

ஜூன் நடுவில் புழு இறங்கிவிடும். மரத்தடியில் உதிர்ந்த ஊசிப் படுக்கையிலோ மேல் மண்ணிலோ, தோல் போன்ற கடினமான, பொன்கபில நிறக் கூட்டைக் கட்டிக்கொண்டு கோடையைக் கழிக்கும். ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும் உருளை. இந்தக் கட்டத்தில் எந்த மருந்தும் எட்டாது. அங்கே வேலை செய்வது எலியும் மூஞ்சூறும். சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1959இல் வெளியிட்ட, இன்றும் சூழலியல் மாணவர்கள் படிக்கும் ஆய்வு, தென் ஒன்ராறியோவின் ஸ்கொட்ஸ் பைன் தோட்டங்களில் இதே பூச்சியின் கூடுகளை வைத்துச் செய்யப்பட்டது: இரண்டு வகை மூஞ்சூறும் ஒரு வகை எலியும், கூடு பெருகப் பெருகத் தாங்களும் அதிகமாகத் தோண்டித் தின்றன. ஒவ்வொன்றும் கூட்டைத் திறக்கும் விதம் வேறு. ஓட்டையின் விளிம்பைப் பார்த்தே எது தின்றது என்று சொல்ல முடிந்தது. உங்கள் வளாகத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊதுகருவியால் பைன் அடியைத் துப்புரவாக்கி, சாயமிட்ட மரச்சீவலைக் கொட்டுகிறீர்கள். அந்த மூஞ்சூறுகளுக்கு ஒதுங்க இடமில்லை. பைனுக்குக் கீழே உதிரும் ஊசியை அப்படியே விடுங்கள், ஐந்து தொடக்கம் எட்டுச் சென்ரிமீற்றர் வரை சேரலாம், தண்டைத் தொடாமல். கூட்டைப் பொறுக்கி எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எடுக்கலாம், ஆனால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளரும் கூடுகளும் அதோடு போய்விடும். எங்கள் கணிப்பில் அது கூலிக்குப் பெறுமதியான வேலை அல்ல. கூடுகளில் ஒரு பகுதி அடுத்த வருடமும் உறங்கிவிட்டு அதற்கடுத்த இலையுதிரில்தான் வெளிவரும். ஒரு வருடம் சுத்தமாக இருந்தது என்று மார்ச் பார்வையிடலை நிறுத்த முடியாததற்குக் காரணம் அதுதான்.

ஆண்களைக் கவரும் வாசனைப் பொறிகளைச் சிலர் விற்கிறார்கள். எப்போது பறக்கிறது என்று அறிய அது உதவும், கட்டுப்படுத்த உதவாது. இந்த இனத்தில் ஆண் சேராத பெண்ணும் முட்டையிடும். அதிலிருந்து ஆண்கள் மட்டும் பொரிக்கும், அவையும் ஊசியைத்தான் தின்னும்.

இப்போது மொட்டையாய் நிற்கும் பற்றையைப் பற்றி. ஐரோப்பியப் பைன் ரம்ப ஈ பழைய ஊசிகளைத்தான் தின்னும். மே, ஜூனில் நீளும் இளங்குருத்தில் குங்கிலிய அமிலங்கள் அதிகம், அதைப் புழு ஒதுக்கிவிடும். ஆகவே ஜூன் கடைசியில் கிளை, போத்தல் கழுவும் தூரிகையை நிமிர்த்தி வைத்ததுபோல், அடியெல்லாம் வெறுமையாகவும் நுனியில் மட்டும் பசுங்கொத்தாகவும் இருக்கும். அந்தக் கொத்து இருந்தால் பற்றை பிழைக்கும். தின்ற இடத்தில் பழைய ஊசி திரும்ப முளைக்காது என்பது உண்மைதான். பைன் வெறுந்தண்டில் தளிர்க்கும் மரமல்ல. புது வளர்ச்சி மூடி மறைக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். பிடுங்க முடிவெடுப்பதானால் ஓகஸ்டில் எடுங்கள். அப்போது அந்த வருடத்துக் குருத்து முழுதாக விரிந்து, நுனியில் மொட்டும் கட்டியிருக்கும். எந்தக் கிளை செத்தது, எது உயிர் என்று சந்தேகமே இராது.

அதற்கிடையில் ஒப்பந்தக்காரர் ஒரு வழமையான வேலையைச் செய்யாமல் இருக்க வேண்டும். மூகோவைக் குட்டையாக வைத்திருக்க ஜூன் தொடக்கத்தில் குருத்தைப் பாதியாகக் கிள்ளுவது வழக்கம். புழு தின்ற வருடத்தில் கிள்ளக் கூடாது. மரத்திடம் மிஞ்சியிருக்கும் ஊசி அது மட்டுந்தான். அதில் பாதியை நாமே எடுத்தால், புழு செய்யாததை நாம் செய்ததாகும். நாங்கள் காணும் செத்த மூகோக்களில் இந்தக் கத்தரிப்புக்கும் பங்குண்டு. உரமும் போட வேண்டாம். மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீற்றர் தண்ணீர் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முக்கியமாக ஜூலை, ஓகஸ்டில். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து மொட்டையாகி, இடையில் வரட்சியும் வந்தால், பட்டை வண்டு புகுந்து மரம் சாகலாம். ஒரு வருடத் தாக்குதலில் வளர்ச்சி குறையும், அவ்வளவே.

எதிர்மாறான தோற்றம் இருந்தால் இந்தப் பூச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய ஊசி பச்சையாக இருக்க நுனிக் குருத்து மட்டும் கபிலமாகிக் குட்டையாக நின்றால் அது டிப்லோடியா நுனிக்கருகல், பூஞ்சண நோய். ஊசி முழுதாக இருந்து நிறம் மட்டும் மாறினால் குளிர்காற்றோ வீதி உப்போ. ஊசிகளை நூலால் பின்னி, நூலில் எச்சம் ஒட்டியிருந்தால் பைன் போலி வலைப்புழு. அதுவும் ரம்ப ஈச் சாதிதான், ஆனால் வலைக்குள் இருப்பதால் சவர்க்காரம் எட்டாது. ஜூலைக்குப் பிறகு பைனில் கூட்டமாகப் புழு கண்டால் ஐரோப்பிய இனம் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். தலை செம்மஞ்சள், மஞ்சள் உடலில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி என்றால் செந்தலைப் பைன் ரம்ப ஈ. தலை கறுப்பாகவும் கறுத்த உடலில் மஞ்சள், வெள்ளைப் புள்ளிகளாகவும் இருந்து, மரம் வெண்பைன் என்றால் டிப்ரியன் சிமிலிஸ் என்னும் இன்னொரு ரம்ப ஈ. வருடத்துக்கு இரண்டு தலைமுறை. இவை இரண்டும் கோடை பிந்தியபின் புது ஊசியையும் பழையதையும் சேர்த்துத் தின்னும், மரத்தைக் கொல்லவும் கூடும். பொறுத்துப் பார்க்கலாம் என்று மேலே சொன்னது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. கண்ட அன்றே கூட்டத்தை எடுங்கள், அல்லது சவர்க்காரம் அடியுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது அதிகமில்லை. மார்ச் 31க்கு முன் வளாகத்தின் எல்லா மூகோ, ஸ்கொட்ஸ் பைன்களிலும் முட்டை தேடல், கண்ட இடங்களைத் தளப்படத்தில் குறித்துத் தருதல். பாகை-நாள் 43ஐத் தொட்டதிலிருந்து ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை புழுக்கூட்டம் அகற்றல். மருந்தடித்தால் சீட்டில் பூச்சியின் பெயர், புழுவின் நீளம், மருந்தின் பதிவு எண், கலந்த அளவு. புழு தின்ற பைனில் அந்த வருடம் குருத்துக் கிள்ளல் இல்லை. ஓகஸ்டுக்கு முன் எந்தப் பைனும் பிடுங்கப்படாது. புதிதாக வாங்கும் பைன் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வந்திறங்கினால், நடுமுன் நுனி ஊசிகளைப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும், முட்டை பெரும்பாலும் நேர்சரியிலிருந்தே கூட வருகிறது. பைனை எடுத்துவிட்டு வேறு நடுவதானால் ஜூனிப்பரோ யூவோ நடலாம், இந்தப் பூச்சி அவற்றைத் தொடாது.

இந்த வருடத்து ஒப்பந்தம் ஏற்கனவே கையெழுத்தாகியிருந்தால், ஜூன் மருந்தடிப்புக்கு ஒதுக்கிய மணித்தியாலங்களை அப்படியே மே முதல் வாரத்துக்கு மாற்றித் தரும்படி ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். வேலை குறைவதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஊசியிலை மரப் பராமரிப்பில் உள்ளவர்கள்